பின்னாடி மாத்த முடியாததைத்தான் முதல்ல பாக்கணும்: ஃபோன், டேப், ஆப்

வணக்கம் நண்பர்களே. ஐபோனா ஆண்ட்ராய்டா, கேலக்ஸியா பிக்சலாங்கிற சண்டைக்குள்ள இன்னைக்கு நேரா இறங்கப்போறோம். எல்லாத்தையும் ஒரே அளவுகோல் வச்சுத்தான் அளக்கப்போறேன். ஒரு ஃபோன்ல சிலதைப் பின்னாடி மாத்திக்கலாம். பேட்டரி, சார்ஜர், கேபிள், கீபோர்டு ஆப், ஹோம் ஸ்கிரீனைக் காட்டுற லாஞ்சர் ஆப் எல்லாம் அந்த வகை. சிலதைத் தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது. உள்ள இருக்கிற ஸ்டோரேஜ் சிப், கீழ இருக்கிற போர்ட்டோட வேகம், டிஸ்ப்ளே, அப்டேட் முடியிற தேதி, இந்த நாலும். பணம் இந்த நாலுக்குத்தான் போகணும். விளம்பரத்துல இந்த நாலும் பொடி எழுத்துல இருக்கும், இல்லன்னா இருக்கவே இருக்காது.

ஸ்டோரேஜ்லேர்ந்து ஆரம்பிப்போம். எல்லாரும் 128 ஜிபியா 256 ஜிபியான்னு மட்டும் கேக்குறாங்க. அது என்ன ரகம்னு யாரும் கேக்குறதில்ல. விலை குறைஞ்ச ஃபோன்லயும் டேப்லயும் இன்னமும் ஈஎம்எம்சி 5.1-ங்கிற பழைய ரக ஸ்டோரேஜ் சிப் வருது. அதோட உச்ச வேகம் விநாடிக்கு 400 எம்பி. அதுவும் ஒரு நேரத்துல படிக்கும், இல்ல எழுதும், ரெண்டையும் சேர்த்துச் செய்யாது. அதனாலதான் பின்னணியில ப்ளே ஸ்டோர் நாலு ஆப்பை அப்டேட் பண்ணிட்டிருக்கும்போது நீங்க கேமராவைத் திறந்தா ஃபோன் அப்படியே நின்னுபோகுது. ப்ராசசர் மேல பழி போடுவோம், ஆனா மாட்டிக்கிட்டு நிக்கிறது ஸ்டோரேஜ். அதைவிட வேகமான ரகம் யுஎஃப்எஸ். யுஎஃப்எஸ் 2.2-ல படிக்கிறதும் எழுதுறதும் ஒரே நேரத்துல நடக்கும், உச்சம் 1200 எம்பி. யுஎஃப்எஸ் 3.1 கிட்டத்தட்ட 2900 எம்பி. 4.0 அதுக்கும் ரெண்டு மடங்கு. இதெல்லாம் காகிதத்துல இருக்கிற உச்சம், நிஜத்துல குறைவாத்தான் வரும். ஸ்டோரேஜ் வேகம் அளக்குற ஆப் ஒண்ணைப் போட்டு ஓட்டிப் பாருங்க. தொடர்ச்சியா படிக்கிற வேகம் 300 எம்பிக்குக் கீழ நிக்குதுன்னா அது ஈஎம்எம்சி. என் கருத்து, முக்கிய ஃபோனா வச்சுக்க ஈஎம்எம்சியில கை வைக்காதீங்க.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. ஒரே மாடலுக்குள்ளயே ரகம் மாறும். கேலக்ஸி எஸ்24 எடுத்துக்கோங்க. 128 ஜிபி வகையில யுஎஃப்எஸ் 3.1, 256 ஜிபி வகையில 4.0. கூடக் குடுக்குற காசு இடத்துக்கு மட்டும் போகல, வேகத்துக்கும் போகுது. இடத்தைப் பத்தியும் ஒரு கணக்கு சொல்லிடுறேன். ஐபோன்ல 4கே 60 ஃப்ரேம்ல வீடியோ எடுத்தா நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 400 எம்பி. 128 ஜிபியில சிஸ்டமும் ஆப்பும் போக 90 ஜிபி மிச்சம்னு வச்சுக்குவோம். நாலு மணி நேரம்கூட வராது. ஸ்டோரேஜை முழுசா ரொப்பவும் கூடாது. பழைய பிளாக்கை அழிச்சு ஒழுங்குபடுத்த சிப்புக்குக் காலி இடம் வேணும். அது இல்லன்னா எழுதுற வேகம் படுத்துரும். 15 சதவீதமாவது காலியா விடுங்க.

ரேம் பிளஸ், மெமரி எக்ஸ்டென்ஷன், 8 ஜிபி கூட்டல் 8 ஜிபின்னு ஒண்ணு விக்கிறாங்க. அந்த ரெண்டாவது 8 ரேமே கிடையாது, ஸ்டோரேஜ்லேர்ந்து எடுத்த இடம். ரேமோட வேகத்துக்கு அது பக்கத்துலகூட வராது. ஈஎம்எம்சி ஃபோன்ல இதை ஆன் பண்ணா ஏற்கனவே திணறுற சிப் மேல இன்னும் சுமை ஏத்துறோம். சாம்சங்ல செட்டிங்ஸ், டிவைஸ் கேர், மெமரி, ரேம் பிளஸ்னு போய் ஆஃப் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஷாவ்மியில அடிஷனல் செட்டிங்ஸ் உள்ள மெமரி எக்ஸ்டென்ஷன்னு இருக்கும்.

அடுத்தது போர்ட். ரெண்டு ஃபோனையும் கேமராகிட்ட காட்டுறேன், பாருங்க. இது ஐபோன் 15, இது 15 ப்ரோ. அதே டைப்-சி ஓட்டை, அதே அகலம், வெளியிலேர்ந்து பாத்தா கண்டுபிடிக்கவே முடியாது. ஆனா இந்த 15-ல ஓடுறது யுஎஸ்பி 2, விநாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. கையில கிடைக்கிறது 40 எம்பி பக்கம். ப்ரோவுல 10 கிகாபிட். 40 ஜிபி வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு மாத்தணும்னா 15-ல 17 நிமிஷம் ஆகும், ப்ரோவுல ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுரும். 16-லயும் இதே கதைதான். இப்போ இந்த வெள்ளை கேபிளைப் பாருங்க. ப்ரோ பெட்டிக்குள்ள வர்றது இதுதான், இதுவும் யுஎஸ்பி 2 கேபிள். ப்ரோ வாங்கிட்டு இதையே மாட்டினா அதே 17 நிமிஷம்தான். 10 கிகாபிட்னு போட்ட கேபிளைத் தனியா வாங்கணும். கேலக்ஸி ஏ55 மாதிரி நடுத்தர ஃபோன்லயும், அடிப்படை ஐபேட்லயும் யுஎஸ்பி 2தான். ஐபோன் 15-ல ஒரு நல்லது, போர்ட் மெதுவா இருந்தாலும் டிஸ்ப்ளேபோர்ட் வழியா டிவிக்கு படம் அனுப்பும். நடுத்தர ஆண்ட்ராய்டுல பெரும்பாலும் அது வராது.

சார்ஜிங்கை மாத்திக்கக்கூடிய வகையிலதான் சேர்த்தேன், ஆனா அதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. லேப்டாப்போட 65 வாட் சார்ஜரை கேலக்ஸியில மாட்டினா 25 வாட் ஏறும்னு நினைப்பாங்க. பெரும்பாலும் ஏறாது. சாம்சங்கோட சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங் பிபிஎஸ் கேக்கும். பேட்டரி அந்த நேரத்துல எவ்வளவு வோல்ட் கேக்குதோ, அதை சார்ஜர் சின்னச் சின்னப் படியா மாத்திக் குடுக்குற முறை அது. சார்ஜர் முதுகுல இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க. பிபிஎஸ் 3.3 லேர்ந்து 11 வோல்ட்னு ஒரு வரி இருக்கணும். வெறும் 9 வோல்ட், 15 வோல்ட், 20 வோல்ட்னு மட்டும் இருந்தா சாதா வேகம்தான். 45 வாட் வேணும்னா சார்ஜர் மட்டும் போதாது, கேபிளும் 5 ஆம்பியர் தாங்கணும். உள்ள அடையாள சிப் இல்லாத கேபிள்ல 3 ஆம்பியருக்கு மேல போகவே விடாது. ஒன்பிளஸ், ஓப்போவோட சூப்பர்வூக் தனி ரகம். அந்த 80 வாட் வேகம் அவங்க சார்ஜரும் அவங்க கேபிளும் சேர்ந்தாத்தான் கிடைக்கும். ஐபோனுக்கு இந்தத் தொல்லை இல்ல, 20 வாட்டோ அதுக்கு மேலயோ இருக்கிற எந்த நல்ல யுஎஸ்பி பவர் டெலிவரி (பிடி) சார்ஜரும் போதும்.

பேட்டரி தேயுறதுதான், மாத்திக்கலாம். ஐபோன் 14 வரைக்கும் 500 சார்ஜ் சுற்றுல 80 சதவீதம் நிக்கும்னு ஆப்பிள் சொல்லுது, 15-லேர்ந்து 1000 சுற்று. 80 சதவீதத்துல நிறுத்துற வசதி ரெண்டு பக்கமும் இருக்கு. நாளெல்லாம் சார்ஜர் பக்கத்துலயே இருக்கிறவங்க அதை ஆன் பண்ணி வைங்க.

அப்டேட் தேதிக்கு வருவோம். என்னைக் கேட்டா இதுதான் முதல் கேள்வி. பிக்சல் 8-க்கு கூகுள் 7 வருஷம் சொல்லிருக்கு, எஸ்24-க்கு சாம்சங்கும் 7 வருஷம். ஆனா அந்த 7 வருஷம் நீங்க வாங்கின நாள்லேர்ந்து ஓடாது, ஃபோன் வெளிவந்த நாள்லேர்ந்து ஓடும். பிக்சல் 8 வந்தது 2023 அக்டோபர், அப்போ 2030 அக்டோபர்ல முடியும். எஸ்24 வந்தது 2024 ஜனவரி, 2031 ஜனவரி வரைக்கும். பிக்சல் 7 வாங்க நினைச்சா அது 2027 அக்டோபரோட சரி. ஆப்பிள் முன்கூட்டி இத்தனை வருஷம்னு பெரிசா விளம்பரப்படுத்துறதில்ல, ஆனா 2018-ல வந்த ஐபோன் எக்ஸ்எஸ், ஐஓஎஸ் 18 வரைக்கும் வாங்கிச்சு, ஐஓஎஸ் 26-லதான் விட்டாங்க. அதனால புது நடுத்தர ஃபோனா, போன வருஷ உயர்தர ஃபோனான்னு குழம்பினா ரெண்டோட முடிவுத் தேதியையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. தேதி ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா கண்ணை மூடிக்கிட்டு போன வருஷ உயர்தர ஃபோனை எடுங்க. ஸ்டோரேஜும் போர்ட்டும் அதுல பெரும்பாலும் மேல இருக்கும்.

கேமராவைப் பத்தி ரொம்பப் பேச மாட்டேன். 200 மெகாபிக்சல் ஃபோன் சாதாரணமா 16 புள்ளியை ஒண்ணா சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம்தான் குடுக்கும். 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவைக் கணக்குலயே சேர்க்காதீங்க.

டிஸ்ப்ளேக்கு ஒரே ஒரு சோதனை. ஓலெட் திரை பாத்தா கண்ணு வலிக்குதுன்னு சொல்றவங்களுக்கு இது. கடையில ஃபோனோட பிரைட்னஸை 20 சதவீதத்துக்கு இறக்குங்க. உங்க ஃபோன் கேமராவை ப்ரோ மோடுல வச்சு ஷட்டரை 2000-ல ஒரு பங்கு விநாடிக்குக் கொண்டுபோய் அந்தத் திரையைக் காட்டுங்க. தடி தடியா கறுப்புப் பட்டை ஓடினா திரை மெதுவா அணைஞ்சு எரியுதுன்னு அர்த்தம். மெல்லிசா, மங்கலா இருந்தா நல்லது.

இப்போ டேப். படம் பாக்கத்தான் வாங்குறீங்கன்னா வைட்வைன் எல்1 இருக்கான்னு பாருங்க. வைட்வைன்ங்கிறது வீடியோவைத் திருடாம காக்குற பூட்டு, அதுல எல்1 உயர்ந்த நிலை, எல்3 தாழ்ந்த நிலை. எல்3 மட்டும் இருக்கிற டேப்ல திரை 2கேயா இருந்தாலும் நெட்ஃப்ளிக்ஸ் 480பி-க்கு மேல குடுக்காது. நெட்ஃப்ளிக்ஸ் ஆப்ல ஆப் செட்டிங்ஸ், அதுல ப்ளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் திறந்தா எல்1-ஆ எல்3-ஆன்னு எழுதியே இருக்கும். ஃபோன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை ஏத்துற பூட்லோடரை அன்லாக் பண்ணா எல்1 ஃபோனும் பெரும்பாலும் எல்3-க்கு இறங்கிரும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

வரையவும் எழுதவும்னா பேச்சே வேற. அடிப்படை ஐபேட்ல பென்சிலை வைக்கிறேன், பக்கவாட்டுலேர்ந்து பாருங்க. முனை கண்ணாடியைத் தொட்டிருக்கு, ஆனா கோடு அதுக்குக் கீழ, கொஞ்சம் தள்ளி விழுது. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவுல காத்து இடைவெளி, ரெண்டையும் ஒட்டல. லேசா தட்டினா உள்ள காலியா இருக்கிற மாதிரி ஒரு சத்தமும் கேக்கும். ஐபேட் ஏர்ல ஒட்டியிருக்கு, கோடு முனையிலேயே பிறக்குது. பென்சில் விஷயத்துல இன்னும் உஷாரா இருங்க. டைப்-சி பென்சில்ல அழுத்தம் உணர்ற வசதி கிடையாது, அழுத்தினாலும் கோடு தடிக்காது. கையில பழைய ரெண்டாம் தலைமுறை பென்சில் இருக்குன்னு எம்2 சிப் ஐபேட் ஏர் வாங்காதீங்க, அந்தப் பென்சில் அதுல சேராது, அழுத்தம் உணரணும்னா பென்சில் ப்ரோதான் வேணும். சாம்சங்ல டேப் எஸ்9, எஸ்9 எஃப்இ, எஸ்6 லைட் பெட்டியிலேயே எஸ் பென் வருது. எழுதுறதுக்கு அந்தப் பேனாவுக்கு சார்ஜே வேண்டாம், திரையிலேர்ந்தே சக்தி எடுத்துக்கும். ஆனா டேப் ஏ9 பிளஸ்ல எஸ் பென் வேலையே செய்யாது. குறிப்பு எடுக்க என் ஓட்டு சாம்சங்குக்கு. ப்ரோக்ரியேட்ல வரையணும்னா ஐபேட்தான், அந்த ஆப் டேப்ல ஐபேடுக்கு மட்டும்தான் இருக்கு.

ஆப் பக்கம் ரெண்டு விஷயம். முதல்ல, மெசேஜ் லேட்டா வருதுங்கிற குறை. ஆப்ல கோளாறு இல்ல, ஃபோன் அதைத் தூங்க வச்சிருக்கு. சாம்சங்ல பேட்டரி, பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ் போய், நெவர் ஆட்டோ ஸ்லீப்பிங் பட்டியல்ல அந்த ஆப்பைச் சேருங்க. ஷாவ்மியில ரெண்டு இடம் பாக்கணும். ஆட்டோஸ்டார்ட்டை ஆன் பண்ணணும், ஆப்போட பேட்டரி சேவரை நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்ல வைக்கணும். ஒண்ணை மட்டும் செஞ்சா பாதிதான் சரியாகும். ஐபோன்ல பிரச்சினை வேற மாதிரி. கூகுள் ஃபோட்டோஸ்ல முதல் பெரிய பேக்கப் போகும்போது ஆப்பைத் திறந்தே வைங்க, மேல தள்ளி மூடினா ஏத்துறது நின்னுரும்.

ரெண்டாவது, பேக்கப்பையும் சிங்கையும் குழப்பிக்கிறது. ஐக்ளவுட் ஃபோட்டோஸ் சிங்க், அதாவது எல்லா சாதனத்துலயும் ஒரே மாதிரி வைக்கிறது, பேக்கப் மாதிரி தனி நகல் இல்ல. ஃபோன்ல இடம் வேணும்னு படத்தை அழிச்சா ஐபேட்லயும் கிளவுட்லயும் சேர்ந்து போகும், மீட்க 30 நாள்தான் டைம். இடம் வேணும்னா ஆப்டிமைஸ் ஸ்டோரேஜை ஆன் பண்ணணும். கூகுள் ஃபோட்டோஸ்ல டெலீட் அழுத்தினா ரெண்டு இடத்துலயும் போகும். ஃப்ரீ அப் ஸ்பேஸ் அழுத்தினா ஏத்தி முடிச்சது மட்டும் ஃபோன்லேர்ந்து போகும்.

ஆண்ட்ராய்டுலேர்ந்து ஐபோனுக்கு மாறுறவங்க வாட்ஸப்பை மூவ் டு ஐஓஎஸ் ஆப் வழியா கொண்டுபோங்க. ஐபோன் புதுசா, இல்ல ஃபேக்டரி ரீசெட் பண்ணதா இருக்கணும். எல்லா செட்டப்பும் முடிச்சிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா அந்த வழி அடைஞ்சுரும், மறுபடி ரீசெட்தான். ரெண்டு ஃபோனையும் சார்ஜர்ல போட்டு, ஒரே வைஃபையில வச்சு, அதே நம்பரை வச்சுப் பண்ணுங்க. கூகுள் டிரைவ்ல இருக்கிற பேக்கப்பை ஐபோன் படிக்காது, அதை நம்பி பழைய ஃபோனை அழிச்சிராதீங்க. லாகினுக்கு 6 இலக்க எண் குடுக்குற கூகுள் ஆதென்டிகேட்டர் ஆப்ல கணக்கு சிங்க் ஆகலன்னா டிரான்ஸ்ஃபர் அக்கவுண்ட்ஸ் போய் க்யூஆர் எடுத்து புது ஃபோன்ல ஸ்கேன் பண்ணுங்க. ஒவ்வொரு கணக்குலயும் ஒரு தடவை லாகின் பண்ணி, அந்த 6 இலக்க எண் வேலை செய்யுதான்னு பாத்துட்டு, அதுக்கப்புறம் பழைய ஃபோனை ரீசெட் பண்ணுங்க.