முதல் வகுப்பில் செதுக்க வேண்டாம், தீட்டுவோம்: எங்கள் மரச் செதுக்கல் குழுவின் கதை

வணக்கம். இன்றைக்கு வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் தெரிகிறதே தகரக் கொட்டகை, அதில்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்து மரம் செதுக்குகிறோம். போன வீடியோவில் இதைப் பற்றி இரண்டு வரிதான் சொன்னேன். "எங்கள் ஊரிலும் தொடங்கலாமா அக்கா, என்னென்ன வாங்க வேண்டும்" என்று அவ்வளவு பேர் கேட்டிருக்கிறீர்கள். சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

முதல் ஞாயிறு பதினோரு பேர் வந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், செவிலியர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள், அம்மாவோடு வந்த ஒரு எட்டாம் வகுப்புப் பெண். எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கத்தி கொடுத்தேன். ஒரு மரச்சாமான் பட்டறையில் மிச்சம் விழுந்த தேக்குத் துண்டுகளையும் கொடுத்தேன். எல்லோரும் பிள்ளையார் செதுக்க வேண்டும் என்றார்கள். நானும் சரி என்றேன்.

அரை மணி நேரத்தில் ஒரு தம்பிக்குக் கட்டைவிரல் அடியில் வெட்டு. மூன்று தையல். கத்தி மரத்தில் இறங்காததால் பலம் கொடுத்து அழுத்தியிருக்கிறான், வழுக்கிவிட்டது. அடுத்த வாரம் நான்கு பேர்தான் வந்தார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியான தூக்கம் இல்லை. என்னை நம்பி வந்த பிள்ளை அவன்.

அப்புறம்தான் அரும்பாவூர் போனேன். திருச்சியிலிருந்து துறையூர் வழியாகப் போகலாம், பெரம்பலூர் மாவட்டம், பச்சைமலை அடிவாரம். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த மரச்சிற்பங்கள் அந்த ஊருடையவை. வாகை, வேம்பு, மா என்று மரம் எதுவானாலும் ஒரே கட்டையிலிருந்து சாமி உருவத்தை வெளியே எடுப்பார்கள். தெருவில் நடந்தாலே உளியைத் தட்டும் மரச் சுத்தியலின், அதாவது கொட்டாப்புளியின் சத்தம் கேட்கும்.

ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டுக் கத்தியைக் காட்டச் சொன்னார். வாங்கி, கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. "ஏம்மா, இதை வச்சா பிள்ளைங்களை வெட்டச் சொன்னே?" என்றார். அதட்டவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். பிறகு அவரே கல்லை எடுத்துப் போட்டு இருபது நிமிடம் தீட்டிக் கொடுத்தார். அதே தேக்குத் துண்டு, அதே கத்தி. இப்போது சுருள் சுருளாக வருகிறது. வெட்டிய இடம் உப்புத்தாள் போட்டது போலப் பளபளக்கிறது.

கூர் மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். நாம் கொடுக்கும் பலத்தால்தான் அது வேலை செய்கிறது, வழுக்கினால் அந்தப் பலம் முழுக்க விரலுக்குப் போகும். கூரான கத்திக்கு அவ்வளவு பலமே தேவையில்லை. இதை எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். அதனால்தான் உங்களுக்கு இதைச் சொல்கிறேன்.

இப்போது எங்கள் குழுவில் புதிதாக யார் வந்தாலும் முதல் இரண்டரை மணி நேரம் மரத்தையே தொடுவதில்லை. கல்தான். இதோ பாருங்கள், கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். இது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரணக் காரபோரண்டம் கல். ஒரு பக்கம் சொரசொரப்பு, இன்னொரு பக்கம் மென்மை. கத்தியின் சாய்வுப் பகுதி முழுதும் கல்லில் படிய வேண்டும், முதுகைத் தூக்கினால் வெட்டும் வாய் உருண்டுவிடும். தேய்க்கத் தேய்க்க மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு ஒன்று விரலில் தட்டும். கத்தியின் அடியிலிருந்து நுனி வரை அந்தப் பிசிறு தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு மறுபக்கம், பிறகு மென்மையான கல்.

கடைசியில் தோல். பழைய சலூன்களில் சவரக் கத்தியைத் தோல் வாரில் தீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி, உலோகத்துக்கு மெருகேற்றும் பச்சைக் கட்டியைத் தேய்த்திருக்கிறோம். இதில் கத்தியை முதுகுப் பக்கமாகப் பின்னுக்கு இழுக்க மட்டும்தான் வேண்டும், முன்னால் தள்ளினால் தோல் அறுந்துவிடும். செதுக்கும்போதும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்துபோய் நான்கு இழுப்பு இழுத்துவிட்டு வருவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

கத்தி வாங்க ஆன்லைனில் பெரிய பெட்டிகளாக விற்கிறார்கள். பன்னிரண்டு உளி உள்ள பெட்டி உங்களுக்கு இப்போது வேண்டாம். எங்கள் கத்திகளைப் பக்கத்துக் கொல்லர் பட்டறையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடித்து வாங்கினோம். ஆளுக்கு ஒன்று, அப்புறம் குழுவுக்குப் பொதுவாக வாய் வளைந்த இரண்டு நகவுளி, ஒரு கொட்டாப்புளி. மரத்தைப் பிடிக்கும் கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை. இது மட்டும் கட்டாயம். கையுறை இல்லாமல் வந்தால் அன்றைக்குத் தீட்டும் வேலைதான், ஆசிரியர் ஐயா என்றாலும் சரி.

மரம் பற்றி. தேக்கு முதல் மரமாக வேண்டவே வேண்டாம். அதில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் போய்விடும். எங்களுக்குக் குமிழ்தான் ஒத்துவந்தது. குமிழ்த்தேக்கு என்று விவசாயிகள் வரப்போரம் வளர்க்கிறார்களே, அதுதான். பெயரில்தான் தேக்கு, மரம் வேறு. கிளை கழிக்கும்போது கேட்டால் கொடுத்துவிடுவார்கள். சந்தனம், செம்மரம் பக்கம் ஆசைக்குக்கூடப் போகாதீர்கள்.

பச்சை மரம் வெண்ணெய் மாதிரி வெட்டும், ஆனால் காயும்போது வெடிக்கும். எங்கள் முதல் ஆறு துண்டுகளும் வெடித்தன. காரணம் நடுவில் இருக்கும் குருத்து. மரம் வளையங்களின் போக்கில் அதிகமாகவும், குருத்திலிருந்து பட்டை நோக்கிக் குறைவாகவும் சுருங்கும். குருத்தோடு உருண்டையாக விட்டால் எங்காவது பிளந்துதான் ஆக வேண்டும். கிளையை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, குருத்தைச் சீவி எறிந்துவிடுங்கள். பாதி வேலையில் நிறுத்தினால் அதே செதுக்குத் தூளோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வையுங்கள், மெதுவாகக் காயும்.

பிள்ளையாருக்குப் பதிலாக இப்போது எல்லோரும் முதலில் செய்வது தோசைத் திருப்பி. ஆமாம், நான்ஸ்டிக் கல்லுக்குப் போடும் மரத் திருப்பி. சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அதில் எல்லாமே இருக்கிறது. கைப்பிடி தடிப்பு, நுனி மெலிவு. எப்போதும் தடிப்பிலிருந்து மெலிவை நோக்கித்தான் வெட்ட வேண்டும். எதிர்த் திசையில் போனால் கத்தி இழைக்குள் புகுந்து பிளந்துகொண்டு போகும். இதை நான் சொல்லிப் புரியவைப்பதைவிட மரமே நன்றாகச் சொல்லித் தருகிறது. முடித்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய் அன்று இரவே தோசை திருப்புகிறார்கள். அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் திருப்பி கொஞ்சம் கோணல். அவள் பாட்டி வேறு கரண்டியைத் தொடுவதே இல்லையாம். அதைக் கேட்ட அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எண்ணெய் பூசும்போது தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது உலராது. உணவுக்குப் பயன்படும் ஆளி விதை எண்ணெயை மெல்லிதாகப் பூசிக் காய விடுங்கள். இன்னொன்று, கவனமாகக் கேளுங்கள்: ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். உலரும்போது அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப் போட்டுவிட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.

அந்தத் தையல் போட்ட தம்பி? இரண்டு மாதம் கழித்துத் தானாகவே வந்தான். வந்ததும் என்னிடம் கத்தி கேட்கவில்லை, "கல் எங்கேக்கா?" என்றான். இப்போது புதியவர்களுக்குத் தீட்டக் கற்றுத் தருவது அவன்தான்.

இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறோம். இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. கத்தி நாங்கள் தருகிறோம், கையுறையும் ஒரு பழைய தோல் பெல்ட்டும் கொண்டு வாருங்கள்.