எஞ்சின் போன காரை விற்பதா, திருத்துவதா?

அடுத்த கேள்வி ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆல்டோ 800 கார், கினிகத்தேனை ஏற்றத்தில் சூடேறி நின்றுவிட்டதாம். கராஜில் "எஞ்சின் முடிஞ்சுது" என்கிறார்கள். ஒரு புரோக்கர் இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

தம்பி, புரோக்கரைக் கொஞ்சம் காக்க வையுங்கள். சூடேறி நின்ற எஞ்சினில் பல நேரம் ஹெட் கேஸ்கட்தான், அதாவது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் தண்ணீரும் ஒயிலும் கலக்காமல் அடைக்கிற தகடுதான் போயிருக்கும். ஒயில் அளவு பார்க்கிற கம்பியை, அதுதான் டிப் ஸ்டிக்கை, இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அதற்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஆல்டோவின் ஹெட் அலுமினியம், சூட்டில் வளையும். வெடிப்பு இல்லையென்றால் லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் பண்ணி, புதுக் கேஸ்கட் போட்டு ஓட்டலாம். எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் சுற்றவே மாட்டேன் என்றாலோ, நிற்பதற்கு முன் அடியில் தட்டுகிற சத்தம் கேட்டிருந்தாலோதான் பெரிய செலவு.

அப்போது பாவித்த எஞ்சின் தேட வேண்டிவரும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருக்கிற உதிரிப்பாகக் கடைகளில் விசாரிக்கலாம். ஆனால் ஆல்டோ இந்தியத் தயாரிப்பு, ஜப்பான் கார்களுக்குப் போல வெளிநாட்டிலிருந்து இறக்கிய பாவித்த எஞ்சின் கிடைப்பது கஷ்டம். பெரும்பாலும் அடிபட்ட காரில் கழற்றியதுதான் கிடைக்கும். எஞ்சின் இலக்கம் மாறுவதால் பில்லையும் பழைய வாகனத்தின் ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். லீசிங் முடியவில்லை என்றால் அந்தக் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். அதே வருஷத்து ஆல்டோ ஓடுகிற நிலையில் என்ன விலை? அதில் புரோக்கர் சொன்ன விலையைக் கழியுங்கள். மிச்சம் வருகிற தொகையை விடத் திருத்தச் செலவு நன்றாகக் குறைவாக இருந்தால் திருத்துங்கள். விற்கிற எண்ணம் இருந்தாலும் திருத்திவிட்டே விற்கலாம். நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். வரியும் சும்மா இல்லை. அதனால் எஞ்சின் இல்லாத வெறும் கார் பொடிக்கே (body) நல்ல பெறுமதி உண்டு. புரோக்கருக்கு அது நன்றாகவே தெரியும். மலைநாட்டு மழைக்கு அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் விற்றுவிடுங்கள் என்பேன்.

அப்புறம், சூடேறிய காரணத்தைப் பிடிக்காமல் எஞ்சினை மட்டும் திருத்தினால் அதே ஏற்றத்தில் மறுபடி நிற்கும். ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சில பாஸ்மார் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போவதைத் தடுக்கிற வால்வை, கழற்றி எறிந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் நுவரெலியா குளிரில் எஞ்சின் சூடு பிடிக்காமல் பெற்றோலைக் குடிக்கும், கழற்ற விடாதீர்கள்.

ஹெட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.