இரண்டாம் வகுப்பில் மூன்றே பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

சின்ன வகுப்புகளில் இணையத்தில் சேர்ந்து எழுதவைப்பது என்றால், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று கீழ்நாட்டு ஆசிரியர்கள் கேட்பார்கள். நம் மலையில் பிரச்சினையே வேறு. நீலகிரியில் எத்தனையோ ஈராசிரியர் பள்ளிகளில் இரண்டாம் வகுப்பு என்றால் மூன்று பேர்தான். முதல் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். பிழைப்புக்காகக் குடும்பங்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போனது ஒரு காரணம், தனியார் பள்ளி வேன், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலுக்கே வந்து நிற்பது இன்னொன்று. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். குழுவாகச் செய்யுங்கள் என்று கையேடு சொல்கிறது. சரி, குழுவுக்கு ஆள்?

கூகுள் ஸ்லைட்ஸ், கூகுள் டாக்ஸ், பேட்லெட் போன்ற இணையக் கருவிகள் எனக்குக் கைகொடுத்தது இங்கேதான். ஒரு பக்கத்தைத் திறந்து அதன் இணைப்பை இன்னொரு பள்ளிக்கு அனுப்பிவிட்டால், இரண்டு இடத்திலிருந்தும் அதே பக்கத்தில் எழுதலாம், படம் ஒட்டலாம். வகுப்புத் தோழர்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தால் என்ன?

நாங்கள் செய்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பள்ளி கிழக்குச் சரிவில், கோத்தகிரிப் பக்கம். கூட்டுச் சேர்ந்த பள்ளி மேற்குச் சரிவில், தேவாலாவுக்கு அருகே. ஸ்லைட்ஸில் மாதத்துக்கு ஓர் அட்டவணை போட்டோம். இடது பத்தி அவர்களுக்கு, வலது பத்தி எங்களுக்கு. வெயில், மேகம், குடை, மூடுபனி என்று பிள்ளைகள் தாளில் வரைந்த படங்களை டேப்லெட்டில் போட்டோ பிடித்து வைத்துக்கொண்டோம். தினமும் ஒரு பிள்ளை ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, விரலால் ஒரு படத்தை இழுத்துத் தன் கட்டத்தில் வைக்கும். அவ்வளவுதான் வேலை, ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஜூலையில் தேவாலா பத்தி முழுக்கக் குடை. எங்கள் பத்தியில் மேகம், நடுநடுவே வெயில். அதே மாவட்டம், அதே நாள். நவம்பரில் அப்படியே தலைகீழ்: எங்கள் பக்கம் விடாத மழை, பாதை சரிந்து பஸ் நின்றுபோனது, அங்கே வெயில். “டீச்சர், அவங்க மழைய நம்மகிட்ட அனுப்பிட்டாங்களா?” என்று ஒரு மொட்டு கேட்டது. தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் முட்டி அங்கேயே கொட்டிவிடும், வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்று நம் சரிவில் கொட்டும் என்று மணல் மேட்டைக் குவித்துக் காட்டினேன். பாடமாக நடத்தியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. இன்னொரு பிள்ளையின் பத்தி பக்கத்திலேயே தெரிந்ததால் வந்தது.

எழுதவைப்பது வேறு கதை. கையால் ‘கொ’ எழுதும்போது பிள்ளை முதலில் ஒற்றைக்கொம்பைப் போடுகிறது. தமிழ்99 விசைப்பலகையில் க-வை முதலில் தட்டி, பிறகு ஒ-வைத் தட்ட வேண்டும். இப்போதுதான் எழுத்துப் பழகும் கையை இதில் குழப்பக்கூடாது என்பது என் கட்சி. பிள்ளை சொல்லட்டும், கைபேசியின் குரல்வழித் தட்டச்சு எழுதட்டும். அது தப்பாக எழுதும்போது பிள்ளைகளுக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே! எழுத்துக்கூட்டிப் படித்து, “இது தப்பு” என்று கருவிக்கே பாடம் எடுப்பார்கள். வீட்டில் படுக மொழியோ பணிய மொழியோ பேசும் பிள்ளைக்கு அதுகூட வேண்டாம். பேட்லெட்டில் குரலையே பதிந்து வைக்கலாம், தன் மொழியிலேயே.

இரண்டு பள்ளியும் ஒரே நேரத்தில் பக்கத்துக்குள் இறங்க வேண்டாம். ஏழு வயதுக் கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் தொட்டால் படங்கள் பறக்கும், ஒருவர் வைத்ததை இன்னொருவர் அழிப்பார், அழுகை வரும். காலை அவர்கள், மதியம் நாங்கள் என்று முறை வைத்தோம். மழைநாளில் டவர் போனாலும் இந்த முறை கெடாது. தாளில் வரைந்து வைத்துவிட்டு, மறுநாள் ஏற்றலாம். யாராவது மொத்தமாக அழித்துவிட்டாலும் பயமில்லை. டாக்ஸிலும் ஸ்லைட்ஸிலும் பழைய பதிப்புகள் இருக்கும், பின்னால் போய் மீட்கலாம். அந்தப் பட்டியலில் யார், எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்பதும் தெரியும். ஒருமுறை பெற்றோர் வாட்ஸப் குழுவில் இணைப்பு போய்விட, ராத்திரி பத்து மணிக்கு ஒரு அப்பா உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளின் பிழையையும் திருத்தி வைத்திருந்தார்! நல்ல மனிதர்தான். பிள்ளைகளுக்குத்தான் தாங்கவில்லை, “எங்க எழுத்து எங்க?” என்று ஒரே ரகளை. அதிலிருந்து பெற்றோருக்குப் பார்க்க மட்டும் அனுமதி.

இன்னொன்று. சின்னப் பிள்ளைக்குத் தனி கூகுள் கணக்கு தொடங்க வேண்டாம், ஆசிரியரின் கணக்கே போதும். 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது ஆகாதவரைக் குழந்தை என்றே சொல்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நாங்கள் முகமும் போடுவதில்லை, பெயரும் போடுவதில்லை. வரையாடு, கருமந்தி, மலையணில் என்று பிள்ளைகளே பெயர் வைத்துக்கொண்டார்கள். கரடிக்குத்தான் போட்டி!

கருவியை ரொம்ப நம்பவும் வேண்டாம். வரைபலகையாகப் பலரும் பழகியிருந்த ஜாம்போர்டை 2024 முடிவோடு கூகுள் மூடிவிட்டது. மாதக் கடைசியில் பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கூட்டுப் பள்ளி எங்கே கிடைக்கும் என்றால், ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் தேநீர் இடைவேளையில் கேட்டுப் பாருங்கள். பக்கத்து ஊரைவிட எதிர்ச் சரிவில் இருக்கும் பள்ளியைப் பிடிப்பது நல்லது, பிள்ளைகளுக்குப் பேச விஷயம் கிடைக்கும். உதகைப் பக்கம் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், எங்கள் அட்டவணையில் மூன்றாவது பத்தி காலியாக இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனிப் படம் வைக்க ஆள் வேண்டும்.

வணக்கம்.