டீசலும் குளோரினும் இல்லாத ஊரில் தண்ணீர்

(உலகத் தண்ணீர் தினத்தையொட்டிப் பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாணவ நண்பர்களே, தண்ணீரின் அருமை பெருமை பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முற்றுகையில் சிக்கிய ஓர் ஊரில் தண்ணீர் எப்படி நின்றுபோகிறது என்பதை மட்டும் பேசுகிறேன். பம்பையும் குழாயையும் படிக்கிறவர்களுக்கு அது மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும்.

காசாவின் பரப்பு 365 சதுர கிலோமீட்டர். மக்கள் 20 லட்சத்துக்கும் மேல். கடலோர நிலத்தடி நீர்தான் அவர்களுக்கு ஆதாரம். ஊறுவதைக் காட்டிலும் பல மடங்கு இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறியது. கழிவுநீரும் கசிந்து கலந்தது. 2023ஆம் ஆண்டுப் போருக்கு முன்பே அந்த நீரில் 95 விழுக்காட்டுக்கு மேல் குடிக்கத் தகுதியற்றது. எஞ்சியவை இஸ்ரேலிலிருந்து வரும் குழாய்களும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும்தான். அவற்றுக்கான பம்புகளும் உதிரி பாகங்களும்கூட, இராணுவத்துக்கும் பயன்படக்கூடியவை என்ற காரணத்தால், 2007இல் தொடங்கிய முற்றுகைக் காலம் முழுவதும் இஸ்ரேலின் அனுமதிக்காகக் காத்துக் கிடந்தன.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய படுகொலையை நான் நியாயப்படுத்தமாட்டேன். இரண்டு நாள் கழித்து, மின்சாரம், உணவு, எரிபொருள் எதுவும் கிடையாது என்று அன்றைய இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சர் யோவ் கலன்ட் அறிவித்தார். அதற்குப் பிறகு நடந்ததைப் பொறியாளர் கண்ணால் பாருங்கள். மின்சாரம் போனால் கிணற்றுப் பம்பு நிற்கும். ஜெனரேட்டரை ஓட்டலாம், ஆனால் டீசல் வேண்டும். உயர் அழுத்தப் பம்பு ஓடாவிட்டால் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் உப்பை வடிகட்டும் சவ்வு வழியாக ஒரு சொட்டு நல்ல நீரும் இறங்காது. கழிவுநீரேற்றும் பம்பும் நின்றுவிடும். சாக்கடை கூடாரங்களுக்கு நடுவே தேங்கும். கிடைத்த கொஞ்ச நீரில் கலக்கக் குளோரின் இருக்காது. 2024 ஜூலையில் காசாவின் கழிவுநீர் மாதிரிகளில் போலியோ வைரஸ் இருப்பது தெரியவந்தது. அடுத்த மாதமே ஒரு பத்து மாதக் குழந்தைக்குக் கால் செயலிழந்தது உறுதியானது. 25 ஆண்டுகளாக அங்கே தலைகாட்டாத நோய் அது. 2025 மார்ச் 9 அன்று மத்திய காசாவின் தேர் அல்-பலாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்கான மின்சாரம் மறுபடியும் துண்டிக்கப்பட்டது. குண்டு போடாமலே ஒரு நிலையத்தை முடக்கிவிட முடிகிறது.

பேரிடர்க் காலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது உலகம் ஒப்புக்கொண்ட அளவு. ஆறு பேர் குடும்பத்துக்கு 90 லிட்டர். நம் வீட்டு வாசலில் இறக்கும் 20 லிட்டர் கேன் கணக்கில் நாலரை கேன். காசாவில் அந்தச் சுமை பெரும்பாலும் பிள்ளைகளின் கையில்தான்.

இதற்கு முன் போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ இருக்கிறது. 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை முற்றுகை. நகரத்தின் முக்கிய நீரூற்றுக் கிணறுகள் முற்றுகையிட்ட போஸ்னிய செர்பியப் படைகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. சொந்த ஊற்று இருந்த பழைய மதுபான ஆலையின் வாசலில் மக்கள் கேன்களோடு வரிசையில் நின்றார்கள். பிரெட் கியூனி என்ற அமெரிக்கப் பொறியாளர் சுத்திகரிப்புக் கருவிகளைச் சரக்கு விமானத்தில் ஏறும் அளவுக்குப் பகுதி பகுதியாகச் செய்வித்துக் கொண்டுவந்தார். மில்யாட்ஸ்கா ஆற்றுநீரைச் சுத்தம் செய்ய அவற்றைக் குண்டு எட்டாத ஒரு சாலைச் சுரங்கத்துக்குள் நிறுவினார். உங்கள் தொழிலில் இப்படியும் ஒருவர் இருந்திருக்கிறார் என்று சொல்வதில் எனக்குப் பெருமை. லாரியில் போகும் பாட்டில் தண்ணீர் அன்றைய தாகத்துக்கு உதவும், நான் மறுக்கவில்லை. ஆனால் பம்பும் டீசலும் குளோரினும் போய்ச் சேர்ந்தால்தான் ஊர் தன் தண்ணீரைத் தானே எடுத்துக்கொள்ள முடியும். நிவாரண லாரிகள் நுழைந்தன என்று செய்தி படிக்கும்போது அவற்றில் இவை இருந்தனவா என்று கேளுங்கள்.

1993 ஜூலை 12 அன்று, சரயேவோவின் டோப்ரின்யாவில் தண்ணீர் வரிசையில் நின்றவர்கள்மேல் குண்டு விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்னாள் யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த நிகழ்வையும் விசாரித்தது. நகரை முற்றுகையிட்ட படையின் தளபதி ஸ்டானிஸ்லாவ் காலிச்சுக்கு 2006இல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. காசா விஷயத்தில், பட்டினியைப் போர்முறையாகக் கையாண்ட குற்றச்சாட்டின் பேரில் 2024 நவம்பர் 21 அன்று நெதன்யாகுவுக்கும் கலன்ட்டுக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. மக்களுக்குத் தண்ணீரையும் எரிபொருளையும் மின்சாரத்தையும் மறுத்ததை நீதிபதிகள் பெயர் சொல்லியே குறிப்பிட்டார்கள். இஸ்ரேல் அதை மறுக்கிறது. மறுப்பவர்கள் நீதிமன்றத்தில் வந்து மறுக்கட்டும். அந்த விசாரணை நடந்தே தீர வேண்டும்.