மாதோட்டத்தில் தங்கிய இரவு

வணக்கம் நேயர்களே. சென்ற மார்கழியில் மன்னாரிலிருந்து கிளிநொச்சிக்கு வீடு திரும்பும் வழியில், எந்தத் திட்டமும் இல்லாமல் ஓர் ஊரில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். அது எனக்குப் புதிய ஊர் அல்ல. நீர்ப்பாசனத் துறையில் 30 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுக்கரைக் குளத்து வேலைகளுக்காக அந்த வீதியால் எத்தனை முறை போயிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் திருக்கேதீச்சரச் சந்தி வரும்போது ஆசனத்திலிருந்தபடியே கைகூப்பிவிட்டு, அடுத்த கணமே வேலைக் கணக்குகளுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். திருவிழாக் காலத்தில் குடும்பத்தோடு இரண்டொரு முறை உள்ளே போனதுண்டு. அப்போதெல்லாம் சனத்தைப் பார்த்தேனே தவிர ஊரைப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் பஸ் தள்ளாடியைக் கடந்து பூநகரி வீதியில் ஏறிச் சற்று நேரத்தில் எஞ்சினின் பெல்ட் அறுந்து, சந்திக்கு அருகில் நின்றுவிட்டது. மாற்றுப் பெல்ட் மன்னாரிலிருந்து வர வேண்டும் என்றார் சாரதி. ஒரு மணி நேரம் கழித்து, பெல்ட்டோடு வேறெதுவோ பழுதாகியிருக்கிறது, பஸ்ஸை மன்னாருக்கு இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்றார். விடத்தல்தீவு, இலுப்பைக்கடவைப் பக்கத்து ஆட்கள் கிடைத்த வாகனங்களில் தொற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிளிநொச்சிக்குப் போகவேண்டியவன் நான் ஒருவன்தான் மிஞ்சினேன். மழை வேறு தூறத் தொடங்கியிருந்தது.

என் கையில் ஒரு தோள்பையும், மன்னார்ச் சந்தையில் வாங்கிய இரண்டு கிலோ கருவாடும் இருந்தன. கோயில் மடத்தில் இடம் கேட்கலாம் என்று மனம் சொன்னாலும், கருவாட்டுப் பொதியைத் தூக்கிக்கொண்டு சிவன் வாசலுக்கு எப்படிப் போவது? என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்ட நடத்துனர்ப் பொடியன், "ஐயா, அதை இஞ்ச தாங்கோ. நாளைக்குக் காலமை முதல் பஸ்ஸில நான்தான் வருவன், சந்தியில நில்லுங்கோ," என்று பொதியை வாங்கி ஆசனத்துக்குக் கீழே தள்ளிவிட்டான். அப்படித்தான் நான் மாதோட்டத்துக்குள் நடந்து போனேன்.

மாதோட்டம் என்ற பெயரை இன்று பெரும்பாலும் நெல்வயல்களோடும், தலைமன்னார்ப் பாதையிலுள்ள ஒரு சிறிய புகையிரத நிலையத்தோடும் சேர்த்துத்தான் அறிகிறோம். 1990இல் நின்றுபோன ரயில் 2015இல் மறுபடியும் தலைமன்னார் வரை ஓடத் தொடங்கியபோது, அந்தப் பெயர்ப் பலகையும் புதுப் பூச்சோடு திரும்பி வந்தது. ஆனால் ஒரு காலத்தில் இந்தத் தீவின் வடமேற்கு வாசலே இதுதான். மாந்தை என்பதும் இதன் பெயரே. மகாவம்சம் இதை மகாதித்த என்கிறது. விசயனுக்கு மணமுடிக்கப் பாண்டி நாட்டிலிருந்து வந்த பெண்ணும் அவளோடு வந்த கைவினைக் குடிகளும் இந்தத் துறையில்தான் இறங்கினார்கள் என்பது அந்நூலின் கதை. சேரர் பாடல்களில் வரும் மாந்தையும் இந்த மாந்தையே என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது மேற்குக் கடற்கரையிலிருந்த சேரர் துறை என்று கொள்வதே பொருத்தம். இந்த ஊருக்குக் கடன் வாங்கிய பெருமை தேவையில்லை.

சம்பந்தரும் சுந்தரரும் இங்குள்ள திருக்கேதீச்சரக் கோயிலைப் பாடியிருக்கிறார்கள் என்பது நேயர்கள் அறிந்ததே. இருவரும் கடலைக் கடந்து வரவில்லை, அக்கரையில் நின்றே பாடினார்கள் என்பது மரபு. அப்படியிருந்தும் சுந்தரர், 'வங்கம் மலிகின்ற கடல் மாதோட்ட நன்னகர்' என்கிறார். வங்கம் என்றால் மரக்கலம். கப்பல்கள் நெருக்கியடித்து நிற்கும் கடலையும் அதை ஒட்டிய நல்லதொரு நகரையும் சொன்ன பிறகுதான் அவர் கோயிலின் தீர்த்தமான பாலாவியின் கரைக்கும் இறைவனுக்கும் வருகிறார். நாமோ கோயிலை வைத்துக்கொண்டு நகரை மறந்துவிட்டோம்.

மடத்தில் இடம் கிடைப்பதில் சிரமமிருக்கவில்லை. திருவெம்பாவைக் காலமாகையால் வெளியூர் அடியார்கள் சிலரும் தங்கியிருந்தார்கள். கோயிலில் பூ எடுப்பது, கூட்டுவது போன்ற தொண்டுகளைச் செய்யும் ஒரு முதியவர், எழுபத்தைந்து வயதிருக்கும், ஒரு பாயையும் தலையணையையும் கொண்டுவந்து தந்தார். "எங்கேயிருந்து வாறியள் தம்பி? சாப்பிட்டியளோ?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் இடியப்பமும் சம்பலும் இருந்த தட்டை என் முன்னால் வைத்தார். நான் அவரை அண்ணை என்றே அழைத்தேன். நீர்ப்பாசனத்தில் வேலை செய்தவன் என்று தெரிந்ததும் அவருடைய பேச்சு முழுவதும் பாலாவியைப் பற்றியே ஆகிவிட்டது. இந்த முறை எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எந்த மாதத்தில் வற்றும், சிவராத்திரிக்கு எவ்வளவு இருந்தால் போதும் என்றெல்லாம், ஒரு குளத்துப் பொறுப்பாளர் அறிக்கை கொடுப்பதுபோல ஒப்புவித்தார்.

இரவுப் பூசை முடிந்தபின் அவர் மண்டபத் தூணில் சாய்ந்தபடி, கேட்பார் யாருமில்லாததுபோல, சுந்தரர் பதிகத்தின் முதற் பாட்டை மெல்லப் பாடினார். கடைசி அடியில், 'செத்தார் எலும்பு அணிவான் திருக்கேதீச்சரத்தானே' என்று வந்ததும் நிறுத்திவிட்டார். அடுத்த பாட்டுக்குப் போகவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. 2013ஆம் ஆண்டின் இறுதியில், கோயிலுக்குச் செல்லும் வீதியோரமாகத் தண்ணீர்க் குழாய் பதிக்க நிலத்தை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்து தோண்டியதில் 80க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவர்கள் யார் என்ற கேள்வியோடு இன்னும் காத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. நான் மாலையில் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த வீதி அதுதான்.

விடியற்காலையில் சங்கொலியும் சேமக்கல ஓசையும் என்னை எழுப்பின. வன்னியில் பிறந்த எவருக்கும் மார்கழி என்றால் அந்த ஓசைதான். சிறுவயதில் எங்கள் ஊரில் வீடு வீடாகத் திருவெம்பாவை பாடிப் போகும் கூட்டத்தோடு, கடலைக்கும் அவலுக்குமாக நானும் குளிரில் நடுங்கிக்கொண்டு போயிருக்கிறேன். எழுந்து முகம் கழுவிக்கொண்டு பாலாவிக்குப் போனேன்.

இருட்டு இன்னும் முழுவதும் விலகியிருக்கவில்லை. மழையால் நிறைந்திருந்த தண்ணீர் படிகளை முக்கால்வாசி மூடியிருந்தது. ஓர் அம்மா முழங்கால் நீரில் நின்று ஒரு செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்தபின் மூன்று முறை அலசினார். மேலே மிதந்த இலைகளைப் புறங்கையால் ஒதுக்கி, செம்பைச் சற்றுச் சரித்து, காற்றுக் குமிழி எழாதபடி மெதுவாக அமிழ்த்தி நிரப்பினார். குளங்களில் நீர் மாதிரி எடுக்க எங்களுக்குப் பயிற்சி தந்தபோது இதே முறையைத்தான் படம் போட்டுக் காட்டினார்கள். செம்பை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஈரச் சேலை சலசலக்க அவர் கோயிலை நோக்கி நடந்தார். மகா சிவராத்திரி நாளில் இப்படி ஆயிரக்கணக்கானோர் பாலாவி நீரைச் சுமந்து சென்று, பழைய கோயிலின் மூர்த்தி என்று போற்றப்படும் மகாலிங்கத்துக்குத் தங்கள் கையாலேயே அபிடேகம் செய்கிறார்கள். இங்கு அந்த உரிமைக்குச் சாதியோ குலமோ கேட்பதில்லை. அதற்காகவே இக்கோயிலின்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

வெளிச்சம் வந்ததும் அந்த அண்ணை என்னை அழைத்துக்கொண்டு கோயிலின் சுற்றுப்புறத்தில் நடந்தார். உடைமரங்களுக்கும் பற்றைகளுக்கும் இடையே நிலம் ஓரிடத்தில் தாழ்ந்து, வளைந்து போகிறது. அதில் மழைநீர் தேங்கி நின்றது. குளக்கட்டுகளோடு காலம் கழித்தவன் கண்ணுக்கு அது இயற்கையாக ஓடிய பள்ளம் அல்ல என்பது உடனே தெரிந்துவிடும். மண் எடுத்துக் கொட்டிய கரை அது. இந்த நகரைச் சுற்றி இரட்டை அகழி இருந்ததை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படித்தும் இருந்தேன். ஆனால் தாளில் படித்த அகழி வேறு, கணுக்கால் நனைய நின்று பார்க்கும் அகழி வேறு. இத்தனை ஆண்டுகள் பக்கத்துக் குளத்தில் நீர் திறக்கும் துருசுக்கும் மிகைநீர் வழியும் வானுக்கும் மட்டம் பார்த்துத் திரிந்த நான், ஒரு மைல் இந்தப் பக்கம் திரும்பி இதைப் பார்க்கவில்லையே என்று எனக்கு வெட்கமாகவே இருந்தது.

கரையின் சரிவில் மழை கழுவிவிட்ட மண்ணில் ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. பெரும்பாலானவை நம் வீட்டுச் சட்டி பானை உடைந்தது போன்ற சிவப்பு ஓடுகள். அவற்றுக்கு நடுவே ஒன்றுமட்டும் பெருவிரல் நகத்தின் அளவில், ஒரு பக்கம் கடல் நீலமும் பச்சையும் கலந்த பளபளப்புப் பூச்சோடு கிடந்தது. குனிந்து எடுத்தேன். பூச்சு ஓரத்தில் வெடித்து, உள்ளே மஞ்சள் நிற மண் தெரிந்தது. 1980களின் முற்பகுதியில் ஜோன் காஸ்வெல் தலைமையில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான்களும், பாரசீகம் முதலான மேற்காசிய நாடுகளின் பூச்சிட்ட மட்பாண்டங்களும் இங்கே ஏராளமாகக் கிடைத்தன. போர் மூண்டதால் அந்த வேலை அரைகுறையில் நின்றது. என் கையிலிருந்த துண்டு அப்படியொரு சாடியின் பகுதிதானா என்று சொல்ல நான் தொல்லியல் படித்தவன் அல்ல. பையில் போட்டுக்கொள்ளும் ஆசை வந்தது உண்மை. "கிடந்த இடத்திலேயே வையுங்கோ தம்பி. கொண்டு போனால் உங்கட வீட்டில அது வெறும் ஓடு," என்றார் அண்ணை. வைத்துவிட்டேன்.

இந்த நகரிலிருந்து போனவை பல. அனுராதபுரம் தலைநகராக இருக்கும் வரை இத்துறைக்கு ஓய்வில்லை. சோழர் பொலனறுவைக்கு ஆட்சியை மாற்றிய பின் அதன் வலு குறைந்தது. இருந்தும் முதலாம் இராசராசன் காலத்தில் இதற்கு இராசராசபுரம் என்று பெயரிட்டு, தாழிகுமரன் என்ற அதிகாரி இங்கே ஒரு சிவன் கோயில் எடுத்து, வைகாசி விசாகத் திருவிழாவுக்கு ஏற்பாடு செய்ததைக் கல்வெட்டுச் சொல்கிறது. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்து, பின்னர் கேதீச்சரத்தை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டக் கொண்டுபோனார்கள் என்பது வழிவழி வரும் செய்தி. அடுத்த நூற்றாண்டில் ஒல்லாந்தர் வந்தபோது அகதியாகும் முறை கத்தோலிக்கருக்கு வந்தது. மாந்தைத் தேவாலயத்திலிருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670இல் சில குடும்பங்கள் வன்னிக் காட்டுக்குள் ஓடின. அதுவே இன்றைய மருதமடு மாதா. கற்கள் ஒரு பக்கமும் மாதா இன்னொரு பக்கமும் போன ஊர் இது. யார் யாரை இங்கிருந்து விரட்டினார்கள் என்று வாதாட வருகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கட்டும்.

ஆறுமுக நாவலர் 1872இல் கேதீச்சரத்தை மீட்கும்படி வேண்டுகோள் விடுத்தார். காடு வெட்டிக் கோயிலிருந்த இடத்தைக் கண்டு, சிறு கோயில் எழ 1903 ஆகிவிட்டது. 1948இல் திருப்பணிச் சபை தோன்றியது. 1990க்குப் பின் மறுபடியும் சனமில்லாத இடமானது. இப்போது நிற்கும் கருங்கற் கோயிலுக்கு 2022 ஆடி மாதத்துக்குச் சற்று முன், ஜூலை 6ஆம் திகதி, குடமுழுக்கு நடந்தது. கல் புதிது, தூண் புதிது. பாலாவி என்ற பெயர் மட்டும் சுந்தரர் வாயிலிருந்து வந்தபடியே அந்த முதியவர் வாயிலும் இருக்கிறது.

புறப்படும்போது ஒரு போத்தலில் பாலாவித் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். அந்த அம்மா செய்தபடி இலையை ஒதுக்கி, போத்தலைச் சரித்துத்தான் நிரப்பினேன். சந்தியில் கால் மணி நேரம் நின்றிருப்பேன். முதல் பஸ் வந்தது. வாக்குத் தவறாமல் அதே பொடியன் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்தான். என்னைக் கண்டதும் உள்ளே குனிந்து கருவாட்டுப் பொதியை எடுத்தவன், என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தான்.

"தீர்த்தமோ ஐயா?"

"ஓம் தம்பி."

பொதியை என்னிடம் தராமல் பஸ்ஸின் கடைசி ஆசனம் வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, முன்பக்கத்தில் எனக்கு ஓர் இடம் காட்டினான். "கிளிநொச்சியில எடுத்துத் தாறன். அதுவரைக்கும் ரெண்டும் தள்ளித் தள்ளி இருக்கட்டும்," என்றான்.