தார் ரோடு முடிந்த பிறகும் வழி காட்டும் ஜிபிஎஸ்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

[திரையில்: இருட்டில் ஒரு கருவியின் ஸ்கிரீன்]

இந்த ஸ்கிரீனைப் பாருங்கள். நடுவில் வண்டியின் குறி, சுற்றிலும் வெளிர் மஞ்சள், வேறு ஒன்றும் இல்லை. நான் வாங்கிய முதல் கருவி ஒரு ராத்திரி எனக்குக் காட்டியது இதைத்தான். தார் ரோட்டை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது, திரும்பிப் போகலாம் என்றால் வந்த வழியில் மூன்று இடத்தில் பாதை பிரிந்திருந்தது, எந்தப் பிரிவில் வந்தோம் என்பதில் வண்டியில் இருந்த இரண்டு பேருக்கும் இரண்டு அபிப்பிராயம். சிக்னல் முழுதாக இருந்தது. நாங்கள் நிற்கும் இடம் அதற்குச் சில மீட்டர் துல்லியத்தில் தெரியும். சுற்றி என்ன இருக்கிறது, எந்த வழியாக வந்தோம், இந்த இரண்டும்தான் தெரியாது.

ரோட்டுக்கும் ஆஃப் ரோடுக்கும் சேர்த்து ஒரே கருவி தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை சேட்டிலைட் பிடிக்கும் என்று. அதை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் இன்றைக்கு அது பெரிய கவலை இல்லை. அமெரிக்காவின் ஜிபிஎஸ் சேட்டிலைட்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, நான்கு தெரிந்தால் இடம் கிடைத்துவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்க அரசே வேண்டுமென்று கெடுத்து வைத்திருந்தது, அதை நிறுத்திய பிறகு வண்டிக்கான கருவிகளின் துல்லியம் வெகுவாகக் கூடியது. இப்போது ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் சாதாரணக் கருவியே சேர்த்துப் பிடிக்கிறது. செங்குத்தான மலைப் பள்ளத்தாக்கிலும் அடர்ந்த காட்டிலும் அதிகம் ஓட்டுபவர் என்றால் எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் கருவியைத் தேடுங்கள். பாறையில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலை நேரடி சிக்னலிலிருந்து பிரித்தறிய எல்5 நன்றாக உதவும். மற்றவர்கள் இதற்காகக் கூடுதலாகச் செலவு செய்ய வேண்டாம்.

சரி, மேப்புக்கு வருவோம்.

ரோட்டுக்கான மேப் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தயாரானது: அடுத்து எங்கே திரும்ப வேண்டும்? ரோடு முடிந்தால் அந்தக் கேள்வியே முடிந்துவிடுகிறது. அப்புறம் உங்களுக்குத் தெரிய வேண்டியது முன்னால் இருப்பது மேடா பள்ளமா, இந்த ஓடையை எங்கே கடக்கலாம், இந்த வண்டித்தடம் வேறு எங்காவது போய்ச் சேருகிறதா இல்லை நடுவிலேயே முடிகிறதா என்பதெல்லாம். அதற்கு சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை), ஓடைகள், மண் பாதைகள் வரைந்த மேப் வேண்டும், அது கருவிக்குள்ளேயே முழுதாக இறங்கியிருக்க வேண்டும். கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கி வந்தால் ஏற்றம் கடுமை, விலகி இருந்தால் ஏற்றம் குறைவு. இவ்வளவு தெரிந்தாலே போகக்கூடாத சரிவில் வண்டியை இறக்காமல் தப்பலாம்.

மேப் தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் நடந்ததே போதும். புதிதாக வந்த ஒரு போன் மேப், மில்டியூரா என்ற ஊரை அது இருக்கும் இடத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, ஒரு தேசியப் பூங்காவின் நடுவில் காட்டியது. அதை நம்பிப் போனவர்கள் தண்ணீர் கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டார்கள், விக்டோரியா மாநிலக் காவல் துறையே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. அங்கே வெயில் 46 டிகிரி வரை போகும். அதனால் ஒரே கருவியில் இரண்டு வேறு மேப்களை ஏற்றி மாற்றி மாற்றிப் பார்க்க முடிகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

[திரையில்: ஒரே பயணம், இரண்டு கோடுகள்]

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ரூட் வேறு, டிராக் வேறு. ரூட் என்றால் புறப்படும் இடம், சேரும் இடம், நடுவில் சில புள்ளிகள். அவற்றை எந்த வழியாக இணைப்பது என்று கருவி தானாகவே கணக்குப் போடும். டிராக் என்பது வண்டி ஓடிய தடம், புள்ளி புள்ளியாகப் பதிந்தது, அதைக் கருவி மாற்றக் கூடாது. நண்பர் ஒருவர் தான் போன காட்டுப் பாதையை ஜிபிஎக்ஸ் ஃபைலாக (ஜிபிஎஸ் பதிவுகளைப் பகிரும் பொதுவான ஃபைல் வடிவம்) அனுப்புகிறார், நீங்கள் ஏற்றுகிறீர்கள், சில கருவிகள் அதை டிராக்காக வைக்காமல் ரூட்டாக மாற்றி, தனக்குத் தெரிந்த ரோட்டின் மேல் கொண்டுபோய் ஒட்டிவிடும். திரையில் அழகான கோடு இருக்கும், ஆனால் அது நண்பர் போன பாதையே இல்லை. டிராக்கை உள்ளது உள்ளபடி காட்டி, அதைவிட்டு விலகினால் சத்தம் கொடுக்கிற கருவிதான் வேண்டும்.

பதிவு எவ்வளவு நெருக்கமாக நடக்கிறது என்பதையும் செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போனாலும், 30 விநாடிக்கு ஒரு புள்ளி என்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் 80 மீட்டருக்கு மேல் இடைவெளி விழும். நீங்கள் பாறையைச் சுற்றி வளைந்து வந்த இடத்தில் நேர்க்கோடு இருக்கும். திரும்பும்போது இருட்டிவிட்டால் அந்தக் கோடு உங்களைப் பாறைக்கே கொண்டுபோகும். ஒரு விநாடிக்கு ஒரு புள்ளி என்று மாற்ற முடிய வேண்டும்.

ஆயத்தொலைவு எண்களை, அதாவது ஒரு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, கையால் உள்ளிடுவதும் இதே மாதிரி ஏமாற்றும். யாரோ 10.30 என்று தசமத்தில் சொன்னதை நீங்கள் 10 டிகிரி 30 நிமிடம் என்று போட்டால், அட்சரேகையில் மட்டும் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள், ஏனென்றால் 30 நிமிடம் என்றால் அரை டிகிரி, அதாவது 10.50. எந்த வடிவில் எண்களைக் கேட்கிறது, அதை எளிதாக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

போனே போதாதா என்று கேட்பீர்கள். மேப்பை முன்பே இறக்கி வைத்திருந்தால் நெட்வொர்க் இல்லாமலும் போன் வேலை செய்யும், ரோட்டுக்கு நான் போனைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் ஐபோனை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்லி அதைத் தயாரிக்கும் நிறுவனமே சொல்கிறது, வெயிலில் முன்கண்ணாடிக்குப் பின்னால் சூடு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். சார்ஜ் ஏறுவது நிற்கும், ஸ்கிரீன் மங்கும், கடைசியில் அணைந்துவிடும். கூடவே குலுக்கலும் தூசியும் இருக்கின்றன. கண்ணாடியில் அழுத்தி ஒட்டும் ரப்பர் மவுண்ட் சூட்டில் இளகிக் கழன்று விழும், 12 வோல்ட் சாக்கெட்டில் செருகிய பிளக் குலுங்கியே வெளியே வந்துவிடும். டேஷ்போர்டில் திருகி மாட்டுங்கள், மின்சாரத்தை ஃபியூஸ் வைத்து நேரடி வயரில் கொடுங்கள். சில வண்டிகளில் வெயில் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி சிக்னலையும் சேர்த்துத் தடுக்கும், அப்போது வெளியே வைக்கும் ஆன்டெனா மாட்ட வழி இருக்க வேண்டும்.

பழைய கருவி வாங்குபவர்களுக்கு ஒன்று. தேதியைக் கணக்கிட ஜிபிஎஸ் வைத்திருக்கும் வார எண்ணிக்கை 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும், கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரலில். அதற்குப் பிறகு சாஃப்ட்வேர் மாற்றாத சில கருவிகள் தேதியைத் தவறாகக் காட்டுகின்றன. வாங்கும் முன் திறந்த வெளியில் ஆன் செய்து தேதியைச் சரிபாருங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் கருவி சிக்னலை வாங்க மட்டுமே செய்யும். நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. உதவி கேட்க சேட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி கருவியிலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் தனியாக வாங்க வேண்டும். தனியாக ஓட்டுபவர் என்றால் விலை குறைந்த ஜிபிஎஸ் கருவியோடு நிறுத்திக்கொண்டாவது இந்த வசதியை வாங்குங்கள்.

வாங்கிய அன்றே அருகில் தெரிந்த மண் பாதைக்குப் போங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு உள்ளே வைத்துவிட்டு, டிராக் பதிவை ஆன் செய்து, நான்கைந்து பிரிவு திரும்பி உள்ளே போங்கள். கருவியை அணைத்து மறுபடி ஆன் செய்து, பதிந்த கோட்டை வைத்து மட்டும் வெளியே வாருங்கள். திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.