ரோஜர் இல்லாத முடிவு

நேயர்களுக்கு வணக்கம்.

போன கோடை விடுமுறையில் என் அண்ணன் மகளைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை முடித்தவள், புத்தகத்துக்குள் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அத்தை, அவதானே அவனக் கூட்டிட்டுப் போனா?"

அவள் படித்தது பிலிப் புல்மன் 1995இல் எழுதிய 'நார்தர்ன் லைட்ஸ்'. கடத்தப்பட்ட தோழன் ரோஜரைத் தேடி வடக்கே பனிப்பிரதேசத்துக்குப் போகிறாள் லைரா என்ற சிறுமி. மீட்டும்விடுகிறாள். ஆனால், தனக்கே தெரியாமல் அவனைச் சாவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறாள். நாவல் முழுக்க அந்த இடத்தை நோக்கித்தான் நடக்கிறது.

2007இல் இது 'தி கோல்டன் காம்பஸ்' என்ற பெயரில் சினிமாவாக வந்தது. கவசம் போட்ட பனிக்கரடிகள் கண்முன்னே மோதிக்கொள்ளும். விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. ஆனால் ரோஜரின் சாவு அதில் இல்லை. படம்பிடித்த கடைசிக் காட்சிகளை அடுத்த பாகத்துக்கு என்று ஒதுக்கிவிட்டு, லைராவும் ரோஜரும் ஆகாயக் கப்பலில் நம்பிக்கையோடு பறப்பதாக முடித்துவிட்டார்கள். அடுத்த பாகம் வரவேயில்லை.

நானும் திரைக்கதை எழுதுகிறவள். வடபழனியில் ஒரு கதை விவாதத்தில், சிறுவர் கதையில் வரும் தாத்தாவின் சாவை எடுத்துவிடச் சொன்னார்கள். பிள்ளைகள் அழுவார்களாம். அழட்டுமே என்றேன். லோகிதாசனைப் பாம்பு கடித்ததையும், சுடுகாட்டில் சந்திரமதி பிள்ளையோடு நின்றதையும் நம் பாட்டிகள் யாருக்குச் சொன்னார்கள்? மடியில் படுத்திருந்த பேரப்பிள்ளைகளுக்குத்தானே. அந்தச் சுடுகாட்டைத் தாண்டி வந்ததால்தான் லோகிதாசன் எழுந்தபோது நமக்கு உடம்பு சிலிர்த்தது.

2019இல் பிபிசியும் எச்பிஓவும் இதே கதையைத் தொடராக எடுத்தன. முதல் நாவலுக்கு எட்டுப் பகுதிகள். இந்தக் கதையில் ஒவ்வொருவருடைய ஆன்மாவும் டீமன் என்ற விலங்காகக் கூடவே வரும். படப்பிடிப்பில் அதற்குப் பொம்மலாட்டக் கலைஞர்களை வைத்தார்கள். நடிக்கிற பிள்ளை வெறும் காற்றைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. எதிரே ஒரு பொம்மை, அதை அசைக்க ஒரு கை. கணினி உருவம் அப்புறம்தான் வந்து உட்காரும். லைரா தன் டீமனைத் தொடும்போது விரல் அழுந்துவது அதனால்தான் நம்பும்படி இருக்கிறது.

தொடரிலும் எனக்கு ஒரு குறை உண்டு. இரண்டாம் நாவலில் வர வேண்டிய வில் என்ற சிறுவனை முதல் வருடத்திலேயே காட்டிவிட்டார்கள். லைரா வாழ்வது நம் உலகத்தில் இல்லை, வேறோர் உலகத்தில். இரண்டாம் புத்தகத்தில், பக்கத்தைத் திருப்பினால் திடீரென நம்முடைய உலகமே எதிரில் நிற்கும். அந்தத் திகைப்பு தொடரில் போய்விட்டது. ஆனாலும் ரோஜருக்கு நடந்ததை அவர்கள் மறைக்கவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டையும் பார்த்தோம். சினிமா முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தபோது, "இன்னும் இருக்கே!" என்று ரிமோட்டைக் கையில் எடுத்தாள் அண்ணன் மகள். தொடரின் எட்டாம் பகுதியில் அவள் தம்பி கண்ணைப் பொத்திக்கொண்டான். அவனுடைய கையை மெதுவாக விலக்கி, தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "பாருடா, நான் இருக்கேன்ல."